அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வருமா?

என்னிடம் வந்த கேள்வி இது: "எனக்கு வயது 31. அப்பாவுக்கு 44 வயதில் சுகர் வந்தது, அம்மாவுக்கு 50 வயதில். சித்தப்பா மகனுக்கு 19 வயதிலேயே வந்துவிட்டது, இன்சுலின் போடுகிறான். நான் ஒல்லிதான். போன மாதம் பரிசோதித்தபோது வெறும் வயிற்றில் 104, மூன்று மாதச் சராசரி 5.8. எனக்கும் கட்டாயம் வருமா? விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அந்த ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் குழந்தைக்கும் இது போகுமா?"

நான் நீரிழிவு மருத்துவத்தில் இருப்பவன். முதலில் நேரடியான பதில். கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு அதிகம். உங்கள் எண்களும் எல்லைக்கோட்டைத் தாண்டத் தொடங்கிவிட்டன. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஜீன் டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம். உங்கள் சித்தப்பா மகனுக்குத்தான் அது தேவைப்படலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

பெற்றோரில் ஒருவருக்கு, பெரியவர்களிடம் பரவலாக இருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் சுமார் 70 சதவீதம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய 70 சதவீதம். தனித்தனிக் கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் அது 20 முதல் 30 சதவீதம்தான். இளம் வயதில் வரும் முதல் வகையைத்தான் பரம்பரை நோய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குடும்பத்தில் கூடுதலாகத் தொடர்ந்து வருவது இரண்டாம் வகை.

ஆனாலும் அந்த 70 சதவீதம் முழுவதும் மரபணுவின் கணக்கில் சேராது. ஒரு குடும்பம் ரத்தத்தோடு சமையலறையையும் பகிர்ந்துகொள்கிறது. எத்தனை மணிக்கு இரவுச் சாப்பாடு, தட்டில் சோறு எவ்வளவு, மாலையில் நடக்கப் போகிறார்களா, டிவி முன் உட்கார்ந்துவிடுகிறார்களா, எல்லாமே பிள்ளைகளுக்கு வந்து சேரும். கணவன் மனைவிக்குள் ரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் அவருடைய துணைக்கும் அது இருக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அந்த 26 சதவீதத்தில் பெரும்பங்கு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதால் வருவதாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, ரத்தத்தில் வருவது என்ன? 'சுகர் ஜீன்' என்று ஒன்று அப்பாவிடமிருந்து அப்படியே இறங்கிவருவதாகப் பலர் நினைக்கிறார்கள். இறங்கிவருவது கணையத்தின் தாங்குதிறன். கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டுக்குப் போதுமான மோட்டாரில் முப்பது வீட்டை இணைத்தால் அது இரவும் பகலும் ஓடிச் சூடாகும். நூறு வீட்டுக்கான மோட்டார் என்றால் முப்பது வீடு ஒரு பொருட்டே இல்லை. இடுப்பில், கல்லீரலில், தசைக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். அதே சர்க்கரையைச் சமாளிக்க இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலின் தேவைப்படுகிறது. சிலருடைய கணையம் கடைசிவரை ஈடுகொடுக்கிறது. அதனால்தான் 110 கிலோ எடையோடு சுகரே இல்லாமல் எண்பது வயதுவரை வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு 62 கிலோவிலேயே கணையம் திணறிவிடுகிறது.

இதைக் காட்டிக்கொடுத்த முதல் பெரிய தடயம் 2006ல் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அங்குள்ள டிகோட் ஜெனெடிக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பத்தாவது குரோமோசோமில் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு மாற்றுவடிவம் அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து சுமார் 1.4 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டுக்குள் சென்னையிலும் புனேயிலும் இந்தியர்களிடம் தேடினார்கள், இங்கேயும் அதுவே கிடைத்தது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு முதலில் குறைவது இன்சுலின் சுரப்பு. சாப்பிட்டவுடன் குடலிலிருந்து கணையத்துக்குப் போகும் ஹார்மோன் செய்தியை பீட்டா செல்கள் சரியாக ஏற்பதில்லை. நோயே இன்சுலின் எதிர்ப்பில்தான் தொடங்குகிறது என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த துறையை இது கொஞ்சம் திருப்பிப் போட்டது. இதுவரை கண்டறிந்த மரபணு மாற்றங்களில் பெரும்பங்கு பீட்டா செல் பக்கம்தான் இருக்கிறது.

2007லிருந்து மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அலசும் ஆய்வுகள் வரிசையாக வந்தன. 2024ல் வெளியான ஆய்வு 25 லட்சம் பேரின் தரவைச் சேர்த்து 611 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. எண் பெரிதுதான். ஆனால் ஒவ்வொன்றும் கூட்டும் ஆபத்து பெரும்பாலும் 5 சதவீதம், 10 சதவீதம் என்ற அளவில்தான். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது எஸ்எல்சி30ஏ8. பீட்டா செல்லுக்குள் துத்தநாகத்தைக் கொண்டுபோகும் புரதத்துக்கான மரபணு இது. இன்சுலினைப் பொட்டலம் கட்டி வைக்கத் துத்தநாகம் தேவை. ஆகவே இந்த மரபணு கெட்டுப்போனால் சுகர் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2014ல் ஆய்ந்தபோது நேர்மாறாக இருந்தது. இதன் ஒரு பிரதி செயலிழந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 65 சதவீதம் குறைவு. இன்ன மரபணு நல்லது, இன்னது கெட்டது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய சிறிய விளைவுகள் நூற்றுக்கணக்கில் சேர்வதுதான் பொதுவிதி. அதற்கு விலக்கு ஒன்று கிரீன்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள இனுயிட் மக்களிடம் டிபிசி1டி4 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் பரவலாக இருப்பதை 2014ல் கண்டுபிடித்தார்கள். அங்கு அந்த மரபணுவின் நூறு பிரதிகளை எடுத்தால் சுமார் 17 பிரதிகளில் அந்த மாற்றம் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் அதைப் பெற்றவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு. பொதுவான நீரிழிவில் ஒற்றை மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய விளைவு வேறெங்கும் பார்த்ததில்லை. இன்சுலின் சொன்னதும் தசை தன் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே வாங்க வேண்டும். இவர்களுக்கு அந்தக் கதவு சரியாகத் திறப்பதில்லை. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மற்றவர்களைவிடச் சுமார் 68 மில்லிகிராம் அதிகமாக நிற்கிறது. ஆனால் வெறும் வயிற்றில் சர்க்கரை சாதாரணமாக, சொல்லப்போனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்! வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இவர்களில் பலர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். கடல் விலங்குகளின் கொழுப்பும் மீனும் மட்டுமே உணவாக இருந்த காலத்தில் இந்தக் குறை ஒரு தொந்தரவும் கொடுத்திருக்காது. ரொட்டியும் சர்க்கரையும் கப்பலில் வந்த பிறகுதான் அதன் விலை தெரிந்தது.

இன்னொரு உதாரணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நோயாளிகள் 'எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்ய முடியும்' என்று கையை விரிக்கும்போது நான் சொல்வதும் இதைத்தான். அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா ஆற்றங்கரையில் பீமா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்பகுதியில் குடியேறியவர்கள் ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் உணவானது. உலகிலேயே மிக அதிகமாக நீரிழிவு உள்ள மக்கள் கூட்டங்களில் ஒன்றாக அவர்கள் ஆனார்கள். அவர்களின் ரத்த உறவினர்கள் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மலைப்பகுதியில், மாய்கோபா என்ற ஊரில், ஏர் ஓட்டி, மலையேறி நடந்து வாழ்கிறார்கள். 2006ல் வெளியான ஒப்பீட்டில் அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்கு நீரிழிவு. மெக்சிகோ பீமாக்களில் 6.9 சதவீதம். மரபணு அளவில் இந்த இரண்டு கூட்டமும் மிக நெருக்கமானவை. அதே மலையில் பக்கத்தில் வாழும் பீமா அல்லாத மக்களிடம் 2.6 சதவீதம். ஆகவே மரபணுவின் பங்கு பொய்யில்லை, 2.6க்கும் 6.9க்கும் இடையே அது தெரிகிறது. ஆனால் 6.9ஐ 38 ஆக்கியது மரபணு இல்லை. திருப்பப்பட்ட ஆறு.

நம் பக்கம் வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு 2023ல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் முந்தைய நிலையில். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், கேரளத்தில் 25.5, புதுச்சேரியில் 26.3. 'இந்தியர்களுக்கு ஜீன் அப்படி' என்று உடனே முடித்துவிடுவார்கள். கடந்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. பெருகியது இடுப்பும் நாற்காலியும் வெள்ளை அரிசியும்.

ஆனால் நம் உடலில் ஒரு தனித்தன்மை இருக்கிறது என்பதும் உண்மை, உங்களைப் போன்ற ஒல்லியானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளை அளந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. புனே கிராமக் குழந்தைகளுக்கு 2.7 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசை. மெலிந்த உடலில் கொழுப்பு. தாயின் ஊட்டச்சத்துக் குறைவு, அவருடைய தாயின் ஊட்டச்சத்துக் குறைவு என்று இது பின்னோக்கிப் போகிறது. பரம்பரையாக வருவதெல்லாம் மரபணு வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை, கர்ப்பப்பை வழியாகவும் வரும். இங்கிலாந்தில் 2021ல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிலேயே சொல்லிவிட்டது. வெள்ளையருக்கு உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ, உயரத்தோடு ஒப்பிட்ட எடை) 30ல் இருக்கும் நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது. நீங்கள் ஒல்லி என்கிறீர்கள். எடை எந்திரத்தை விட்டுவிட்டு ஒரு டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால் சட்டைக்குள் ஒல்லி இல்லை.

நோய் வருமா வராதா என்பதோடு, நோய் இல்லாதவரின் அன்றாடச் சர்க்கரை அளவிலும் மரபணுவின் கை இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒருவருக்கு 82, இன்னொருவருக்கு 97 என்று ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம். ஜி6பிசி2 என்ற மரபணு வெறும் வயிற்று அளவைச் சற்று ஏற்றி இறக்கும், ஆனால் நோயின் ஆபத்தை அதே அளவுக்கு ஏற்றாது. எம்டிஎன்ஆர்1பி என்பது வேறு மாதிரி. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு அது. அதன் மாற்றுவடிவம் வெறும் வயிற்று அளவையும் கூட்டும், நோயின் ஆபத்தையும் கூட்டும். மெலடோனின் மேலே ஏறும் இரவு நேரத்தில் இன்சுலின் சுரப்பு அடங்குகிறது. ஸ்பெயினில் 845 பேரிடம் செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், தூங்கும் நேரத்தை ஒட்டிச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறியது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக ஏறியது. இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பவர்கள் இதற்காக ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எட்டு மணிக்குள் சாப்பிடுவது நல்லதுதான்.

உங்கள் 5.8 பற்றியும் ஒரு வார்த்தை. எச்பிஏ1சி அளப்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை. சிவப்பணுவின் ஆயுளே குறைவாக இருந்தால் ஒட்டுவதற்கு நேரம் இருக்காது, எண் பொய்யாகக் குறைந்து காட்டும். ஜி6பிடி குறைபாடு, அரிவாள் செல் போன்ற பரம்பரை ரத்தக் கோளாறுகள் இப்படிச் செய்யும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் பரவலாக இருப்பதால் அங்கு இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இரும்புச்சத்துக் குறைந்த சோகை என்றால் எண் பொய்யாக ஏறும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஜீன் டெஸ்டுக்கு வருவோம். எச்சிலை அனுப்பினால் ஆபத்து மதிப்பெண் வரும் என்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 2,377 பேரை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 18 மரபணு மாற்றங்களைக் கூட்டி மதிப்பெண் போட்டார்கள். வயது, எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, குடும்ப வரலாறு இவற்றை மட்டும் வைத்து யாருக்கு வரும் என்று கணித்தபோது துல்லியத்தின் அளவு 0.900 (1 என்றால் முழுத் துல்லியம்). மரபணு மதிப்பெண்ணையும் சேர்த்தபோது 0.901. இது 2008ல் வந்தது. இன்று ஆயிரக்கணக்கான மாற்றங்களைச் சேர்த்து நல்ல மதிப்பெண்கள் வந்துவிட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியர்களின் தரவில் உருவானவை, நம்மிடம் அதே துல்லியத்தோடு வேலை செய்வதில்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் மதிப்பெண் குறைவு என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடப் போகிறீர்களா? கையில் 104 இருக்கிறது. அதிகம் என்று வந்தால் செய்யப்போவது நான் கீழே சொல்லப்போகும் அதே வேலைதான். பணத்தைக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நிற்பீர்கள்.

செலவே இல்லாத ஒரு மதிப்பெண் இருக்கிறது. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண். மொத்தம் நூறு. வயதுக்கு அதிகபட்சம் 30, இடுப்புக்கு 20, உடலுழைப்பு இல்லாமைக்கு 30, பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு இருந்தால் 20. அறுபதைத் தொட்டால் ஆபத்து அதிகம். உங்களுக்கு வயது 35க்குக் கீழ், அதற்கு சைபர். பெற்றோருக்கு 20. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி எதுவும் இல்லை என்றால் அதற்கு 30. இடுப்பு 90ஐத் தாண்டியிருந்தால் இன்னொரு 10. அறுபது வந்துவிட்டது. இதில் பெற்றோர் கொடுத்த 20ஐ நீங்கள் தொட முடியாது. மீதி 40 உங்கள் கையில்.

உங்கள் சித்தப்பா மகனின் கதை வேறாக இருக்கலாம், அதனால்தான் அவரை முதலிலேயே குறிப்பிட்டேன். 19 வயதில் நீரிழிவு வந்தால் பெரும்பாலும் முதல் வகை என்று முடிவுகட்டி இன்சுலின் தொடங்கிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் அவர் ஒல்லியாக இருந்து, உங்கள் சித்தப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இளம் வயதிலேயே வந்திருந்தால், எம்ஓடிஒய் என்ற வகையை யோசிக்க வேண்டும். இதில் நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்கள் கிடையாது. ஒரே ஒரு மரபணு உடைந்திருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவது சரிபாதி வாய்ப்பு.

எந்த மரபணு என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே தலைகீழாக மாறும். எச்என்எஃப்1ஏ என்றால் சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய, மலிவான மாத்திரை குறைந்த அளவிலேயே அருமையாக வேலை செய்யும். ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். ஜிசிகே என்றால் இன்னும் வியப்பு. பீட்டா செல்லுக்குள் சர்க்கரை எவ்வளவு என்று உணரும் அளவுகோலே அந்த மரபணுதான். அது கொஞ்சம் பிசகினால் உடல் வெறும் வயிற்றுச் சர்க்கரையை 100க்கும் 144க்கும் நடுவில் வைத்துக்கொள்ளும், பிறந்த நாளிலிருந்து. இப்படி ஏறக்குறைய 50 ஆண்டுகள் வாழ்ந்தவர்களைப் பரிசோதித்தபோது கண்ணிலோ சிறுநீரகத்திலோ குறிப்பிடும்படியான சேதம் இல்லை. கர்ப்ப காலம் தவிர இவர்களுக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. மருந்து கொடுத்தாலும் எண் பெரிதாக மாறாது.

பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வரும் குழந்தைகளுக்கு மரபணுச் சோதனை கட்டாயம். இவர்களில் பலருக்கு கேசிஎன்ஜே11 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதை 2004ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் குழு கண்டுபிடித்தது. இரண்டு ஆண்டு கழித்து, அந்த மாற்றம் உள்ள 49 பேருக்கு இன்சுலினுக்குப் பதில் அதே சல்ஃபோனைல்யூரியா மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேர் ஊசியிலிருந்து முழுதாக விடுபட்டார்கள். என் துறையில் மரபணு ஆராய்ச்சி மனிதர்களுக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இது என்பேன். 611 பகுதிகளின் பட்டியல் இன்னும் அந்த இடத்தைத் தொடவில்லை. சென்னையிலேயே இந்த ஒற்றை மரபணு நீரிழிவு பற்றிய ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆகவே உங்கள் சித்தப்பா மகன் முதலில் சி-பெப்டைடு என்ற ரத்தச் சோதனையும், எதிர்ப்புப் பொருள் சோதனையும் எடுக்கட்டும் (முதல் வகையில் உடலே தன் பீட்டா செல்களைத் தாக்கும், அதன் அடையாளம் இந்த எதிர்ப்புப் பொருள்). உடல் இன்னும் இன்சுலின் சுரந்து, எதிர்ப்புப் பொருள் இல்லை என்று வந்தால், மரபணுச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும். அதுவரை ஒரு வேளை இன்சுலினைக்கூடத் தானாக நிறுத்தக் கூடாது. முதல் வகையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புவோம். மரபணுவில் ஆபத்து இருப்பவருக்குப் பழக்கத்தை மாற்றுவதால் பயன் உண்டா என்பதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த ஐஸ்லாந்து மரபணுவைப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில், ஆபத்தான மாற்றுவடிவத்தை இரண்டு பிரதியிலும் உள்ளவர்கள் நீரிழிவுக்குப் போவது அது ஒன்றிலும் இல்லாதவர்களைவிட 1.81 மடங்கு. உணவும் நடையும் மாற்றிய குழுவில் அந்த வேறுபாடு 1.15 மடங்காகச் சுருங்கியது, புள்ளியியல்படி இல்லை என்றே சொல்லிவிடலாம். அப்பா அம்மா கொடுத்த அதே மரபணு உடலில் இருக்கத்தான் செய்கிறது, அதன் குரல் மட்டும் அடங்கிவிடுகிறது.

இந்தியர்களுக்கும் இது பொருந்துமா என்று சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் பார்த்தது. 2006ல் முடிவு வந்தது. மூன்று ஆண்டில், ஒன்றும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பழக்கம் மாற்றிய குழுவில் 39.3 சதவீதம். அந்த அமெரிக்கத் திட்டத்தில் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது, இங்கே 28.5 சதவீதம்தான். நம்மிடம் பீட்டா செல் திறன் முன்கூட்டியே தேய்ந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஆகவே நமக்கு எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை காத்திருக்கும் வசதி இல்லை. 31 வயதில் 104 பார்த்தது உங்கள் நல்ல நேரம். உங்கள் அப்பாவுக்கு 44ல்தான் தெரிந்தது, அதற்கு எத்தனை ஆண்டு முன்பே அவருக்கு ஏறத் தொடங்கியிருந்ததோ.

முதலில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையை எடுங்கள். வெறும் வயிற்று எண் பாதிக் கதைதான் சொல்லும். 140க்குக் கீழ் வந்தால் நல்லது, 200ஐத் தொட்டால் அது நீரிழிவே. அப்புறம் தசையைக் கட்டுங்கள், உங்களைப் போன்ற உடல்வாகுக்கு வெறும் நடையோடு நிறுத்தக் கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குவதோ, வீட்டிலேயே உட்கார்ந்து எழும் பயிற்சிகளோ எதுவானாலும் சரி, சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய பாத்திரம் தொடைத் தசைதான். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய்கறியைக் கூட்டுங்கள். சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டுமா என்பதை இரண்டு மணி நேர எண்ணைப் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் சொல்வார்.

கடைசியாகத் தங்கை. குழந்தைக்கு அவர் கொடுக்கும் மரபணுவை மாற்ற முடியாது. ஆனால் கர்ப்பப்பைக்குள் இருக்கும் சர்க்கரை அளவை மாற்ற முடியும். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் அதே பீமா மக்களிடம்தான் சான்று கிடைத்தது. ஒரே அம்மாவின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அம்மாவுக்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட, வந்த பின் பிறந்த பிள்ளைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 3.7 மடங்கு. அப்பாவுக்கு வந்ததை வைத்து இதேபோல் ஒப்பிட்டபோது அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஒரே பெற்றோர், ஒரே வீடு, மாறியது அந்த ஒன்பது மாதத்துச் சர்க்கரை மட்டும்.

அதனால் உங்கள் தங்கை இன்னும் குளுக்கோஸ் சோதனை செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யட்டும். ஒருமுறை செய்து சரியாக இருந்திருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தச் சோதனை, 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று கொண்டுவந்த முறை இது, அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செய்கிறார்கள். கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு உணவு மாற்றமும் நடையுமே போதும், சிலருக்கு மட்டும் மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். பிரசவமானதும் எண் இறங்கிவிடும். அத்தோடு மறந்துவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. பிரசவமாகி ஆறு வாரத்தில் அவருக்கு மறுபடி அதே சோதனை வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே முடித்துவிடலாம். அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை, உங்களோடு சேர்ந்தே.